பெருவழியும் சுங்கமும்

உல்கு என்பது பழந்தமிழ்ச் சொற்களுள் ஒன்று. வழியிலும் துறையிலும் செல்லும் பண்டங்களுக்காகப் பெறப்படும் சுங்கத்தை அது குறிக்கும். உல்கு பெறும் பெருவழியை வில்லேந்திய காவலர் காத்து நின்றமையைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. திருவள்ளுவர் உல்காக வரும் பொருளை வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக வைத்து எண்ணினார். முதற் குலோத்துங்கனோ சுங்கத்தைத் தவிர்த்து, அச்செயலையே தன் பெயருக்கு அடைமொழியாகப் பெற்றான். வாங்கினும் தவிர்ப்பினும் வழிச்சுங்கம் அரசுக்கே உரியது என்பது நம் முன்னோர் கருத்தென்பது இவற்றால் அறியக் கிடக்கின்றது.

இக்காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வுரிமையை வியாபாரக் கம்பெனிகளுக்கு ஐம்பது ஆண்டும் எழுபத்தைந்து ஆண்டும் எழுதிக்கொடுக்கும் வழக்கம் தோன்றியிருக்கின்றது. கம்பெனியார் தம் முதலைக்கொண்டு நெடுஞ்சாலையை அகலப்படுத்திப் புதிய தடங்களை அமைப்பர். அத்தடங்களிற் செல்வோரிடம் சுங்கம் பெற்றுக்கொள்வர். இது நன்றோ, அன்றி அவ்விடத்தையும் பொருளையும் பஸ், ரயில் முதலிய பொதுவண்டிகளுக்கு அளித்தல் நன்றோ என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். பொதுப்படப் பேசின் தெளிவு பிறவாது ஆதலின், வாஷிங்டன் நகரைச் சூழ்ந்த சுற்றுப்பாட்டையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம். தூரதேசத்துச் செய்தியென்று மாணவ நண்பர்கள் இதனைத் தள்ளிவிடலாகாது. இருதிறத்தார் வாதங்களும் இத்துணை விரிவாக வெளிப்பட்ட வழக்கு வேறு காண்டல் அரிது.

சுற்றுப்பாட்டை 1964ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முற்றுப்பெற்றது. அதன் சுற்றளவு 64 மைல். அதில் ஏறத்தாழ 42 மைல் மேரிலாந்து மாகாணத்திலும் எஞ்சியது வர்ஜீனியா மாகாணத்திலும் உள்ளன. பொட்டோமாக் நதியை அது இருமுறை கடக்கின்றது. மேற்கே உள்ளது அமெரிக்கன் லீஜியன் பாலம், தெற்கே உள்ளது வுட்ரோ வில்ஸன் பாலம். காலையிலும் மாலையிலும் இப்பாட்டையில் வண்டிகள் நத்தைபோல் ஊர்வதை யாரும் மறுத்ததில்லை. நோய் உண்டு என்பதில் வழக்கில்லை. மருந்து யாது என்பதிலேயே வழக்கு.

2017ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மேரிலாந்துக் கவர்னராயிருந்த லாரி ஹோகன் என்பார் 900 கோடி டாலர் மதிப்புள்ள ஒரு திட்டத்தை வெளியிட்டார். சுற்றுப்பாட்டையிலும், அதினின்று வடமேற்கே பிரியும் 270ஆம் எண் நெடுஞ்சாலையிலும் போகும் திசைக்கு இரண்டும் வரும் திசைக்கு இரண்டுமாகச் சுங்கத் தடங்கள் புதிதாக அமைக்கப்படும். பழைய தடங்கள் இலவசமாகவே இருக்கும். செலவு முழுதும் கம்பெனியாரைச் சாரும். குடிகளுக்கு ஒரு காசும் பாரமில்லை என்பது அத்திட்டத்தின் சுருக்கம். கேட்பார் செவிக்கு இனிய சொற்களே. இவற்றை ஒவ்வொன்றாக உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, இச்சுங்கத் தடம் எவ்வாறு தொழிற்படுகின்றது? அதன் கட்டணம் நிலையானதன்று. கூட்டம் மிகுந்தால் ஏறும், குறைந்தால் இறங்கும். தடத்தில் வண்டிகள் தடையின்றி ஓடும்படி, மிகுதியானோரை விலையினால் விலக்கி வைப்பதே அதன் நுட்பம். இதனை ஊன்றி நோக்குக. இலவசத் தடங்களில் நெருக்கம் இல்லையாயின், அருகில் உள்ள சுங்கத் தடத்திற்குப் பணம் கொடுத்து ஏறுவார் யார்? ஆகவே பக்கத்துத் தடங்களின் துன்பமே சுங்கத் தடத்தின் வருவாய். நெருக்கத்தை ஒழிப்பதாகச் சொல்லி அமைக்கப்படும் ஒரு தொழில், நெருக்கம் ஒழிந்தால் தானும் ஒழியும்! மருத்துவன் ஒருவனுக்கு நோயாளி நலமடையுங்காறும் நாட்கூலி என்று பேசிவிட்டால், அவன் எத்துணை நல்லவனாயினும், அவ்வொப்பந்தத்தை நல்லதென்று யாரும் சொல்லார்.

இது வெறும் தருக்கமன்று. கலிபோர்னியாவில் ஆரஞ்சு கவுண்டியில் 91ஆம் எண் நெடுஞ்சாலையின் நடுவே பத்து மைல் நீளத்திற்குத் தனிக் கம்பெனியார் அமைத்த சுங்கத் தடங்கள் 1995ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டன. அவ்வொப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: 2030ஆம் ஆண்டு வரை, ஒன்றரை மைல் எல்லைக்குள் அரசாங்கம் பழைய தடங்களின் கொள்ளளவைப் பெருக்கலாகாது. இலவசச் சாலையில் நெருக்கமும் விபத்தும் மிகவே, அரசாங்கத்தார் அதனைச் சீர்படுத்த முயன்றனர். கம்பெனியார் நீதிமன்றம் ஏறினர். தம் சொந்தச் சாலையைத் தாமே செப்பனிடும் உரிமை அரசுக்கு இல்லாதொழிந்தது. முடிவில் 2003ஆம் ஆண்டில் அவ்வூர்ப் போக்குவரத்து அதிகார சபையார் 20 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து அத்தடங்களை விலைக்கு வாங்கியே அவ்விதியினின்று விடுபட்டனர். குடிகளுக்கு ஒரு காசும் பாரமில்லை என்ற வாக்கு அங்கே இவ்வாறு முடிந்தது.

வர்ஜீனியாப் பக்கத்துச் சுற்றுப்பாட்டையில் 2012ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சுங்கத் தடங்கள் திறக்கப்பட்டன. மூவர் சேர்ந்து ஒரே மோட்டாரிற் சென்றால் அங்கே சுங்கம் இல்லை. நல்ல ஏற்பாடே. ஆயினும் ஒப்பந்தத்தைப் புரட்டினால், அவ்வாறு சேர்ந்து செல்வோர் குறித்த நிலைமைகளில் நூற்றுக்கு 24 என்னும் அளவைக் கடந்தால் அரசாங்கம் கம்பெனிக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்று காணப்படுகின்றது. அயலாரோடு வண்டியைப் பகிர்ந்துகொள்ளும் நற்பழக்கம் பெருகினால் அது கம்பெனிக் கணக்கில் நஷ்டமாக எழுதப்படும் என்பது இதன் பொருள். நான் இத்திட்டத்தை எதிர்ப்பதற்கு இவ்வொரு விதியே போதும் என்பேன்; எனினும் மேலே செல்வோம்.

தடங்களைப் பெருக்கினால் நெருக்கம் தீருமோ என்பது இரண்டாவது வினா. ஆண்டனி டௌன்ஸ் என்னும் பொருளியல் அறிஞர் 1962ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை கூறினார்: நகரத்துப் பெருஞ்சாலைகளில் உச்சவேளை நெருக்கம் சாலையின் கொள்ளளவுக்கு ஏற்ப உயர்ந்து நிரம்பும் என்பது அவர் கண்ட விதி. சாலை அகன்றவுடன், முன் விடியற்காலையிற் புறப்பட்டவன் எட்டு மணிக்குப் புறப்படுகின்றான். ரயிலிற் சென்றவன் மோட்டாரில் ஏறுகின்றான். வேறு வழியிற் போனவன் இவ்வழிக்கு வருகின்றான். சில ஆண்டுகள் சென்றால், சாலை அகன்றது என்பதனாலேயே இன்னுந் தூரத்தில் வீடு கட்டிக் குடியேறுகின்றனர். ஏரியின் மதகை அகலமாக்கினால் வயல் பெருகுமேயன்றி நீர் மிஞ்சாது, அதுபோன்றதே இது. டுரான்டன், டர்னர் என்னும் இருவர் 2011ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெருநகரங்களின் கணக்குக்களை ஆராய்ந்து, பெருஞ்சாலைத் தடங்களின் நீளம் எவ்வளவு பெருகுகின்றதோ ஏறக்குறைய அவ்வளவே வண்டிகள் ஓடும் தூரமும் பெருகுகின்றது என்று காட்டினர்.

டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரத்துக் கேட்டி நெடுஞ்சாலை இதற்குச் சான்று. அதனை ஏறத்தாழ 280 கோடி டாலர் செலவில் அகலப்படுத்தி 2008ஆம் ஆண்டில் முடித்தனர். நடுவே சுங்கத் தடங்களும் அமைத்தனர். பக்கச் சாலைகளையும் கூட்டினால் சிலவிடங்களில் அதன் தடங்கள் 26 ஆகும். 2011க்கும் 2014க்கும் இடையே அச்சாலையிற் காலைப் பயணநேரம் நூற்றுக்கு 30 அளவும் மாலைப் பயணநேரம் நூற்றுக்கு 55 அளவும் மிகுந்தன. அச்சாலையின் ஓரமாக முன்னர் ஓர் இருப்புப்பாதை இருந்தது. சாலைக்காக அவ்விடத்தை அரசாங்கம் வாங்கிக்கொண்டது, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. நோய்க்கு மருந்தாகியிருக்கக்கூடிய ஒன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு நோயை வளர்த்தார்கள் என்பதைத் தவிர வேறென் சொல்வது?

இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். மேற்சொன்ன இரு அறிஞரின் ஆராய்ச்சியே, பொதுவண்டிகளைப் பெருக்கினாலும் சாலையின் நெருக்கம் குறைவதில்லை என்றும் கூறுகின்றது. ஒருவன் மோட்டாரை விட்டு ரயிலில் ஏறினால் அவன் விட்ட இடத்தில் வேறொருவன் புகுவான். எதிர்க்கட்சியார் இதனை எடுத்து வீசுவர். வீசட்டும். ரயில் ஓடினால் சாலை காலியாகும் என்று சொல்பவர் தாமே தோல்வியை வருவித்துக்கொள்கின்றனர். பொதுவண்டியின் பயன் அதுவன்று. நெருக்கத்தில் அகப்படாமல் மக்களைக் கொண்டு செல்வதும், மோட்டார் இல்லாதவனுக்கும் ஓட்ட இயலாத முதியவனுக்கும் ஊரைத் திறந்துவிடுவதும், ஒரே அகலத்தில் பன்மடங்கு மனிதரைச் செலுத்துவதுமே அதன் பயன்.

பன்மடங்கு என்பது உயர்வு நவிற்சியன்று. நெடுஞ்சாலைத் தடம் ஒன்றில் ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 2,000 வண்டிகள் செல்லக்கூடும். வேலைக்குச் செல்லும் மோட்டார்களிலோ பெரும்பாலும் ஒருவரே இருக்கின்றனர். நியூ ஜெர்ஸியிலிருந்து லிங்கன் சுரங்கவழியாக நியூயார்க்குக்குச் செல்லும் சாலையில் 1970ஆம் ஆண்டு முதல் ஒரு தடத்தைக் காலைவேளையில் பஸ்களுக்கென்றே ஒதுக்கியிருக்கின்றனர். இரண்டரை மைல் நீளமுள்ள அவ்வொற்றைத் தடத்தில், 2020க்கு முந்திய ஆண்டுகளில், நாள்தோறும் காலை நான்கு மணி நேரத்திற்குள் 1,800க்கு மேற்பட்ட பஸ்களில் ஏறத்தாழ 70,000 பேர் சென்றனர். அதற்காகச் சாலையை ஓரடியும் அகலப்படுத்தவில்லை. எதிர்த்திசையில் வெறுமையாய்க் கிடந்த தடமொன்றைத் திருப்பிக்கொண்டனர், அவ்வளவே.

இனி வாஷிங்டனுக்கே மீள்வோம். இந்நகரம் இதே வினாவுக்கு முன்னொரு முறை விடையளித்துள்ளது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1950க்கும் 1970க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் நகரின் உள்ளே பல பெருஞ்சாலைகளை வெட்டத் திட்டமிட்டனர். அவற்றுள் ஒன்று பிரூக்லாந்து என்னும் குடியிருப்பை ஊடறுத்துச் செல்வது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து, ரெஜினால்ட் புக்கர், ஸாமி ஆப்பட் முதலியோர் தலைமையில் அதனை எதிர்த்தனர். பெருஞ்சாலைகளைக் கட்டினாலொழிய ரயிலுக்குப் பணமில்லை என்று காங்கிரஸ் சபையில் நாச்சர் என்பார் பல ஆண்டுகள் தடுத்து நின்றார். 1971ஆம் ஆண்டு டிசம்பரில் அச்சபையே அவரை மீறி வாக்களித்தது. பெருஞ்சாலைக்கென வைத்திருந்த தொகையின் பெரும்பங்கு பின்னர் ரயிலுக்குத் திருப்பப்பட்டது. 1976ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மெட்ரோ என்னும் நிலத்தடி ரயில் ஓடத் தொடங்கிற்று. முதலில் வரைந்த 103 மைலும் 2001ஆம் ஆண்டில் நிறைவேறின. பெருஞ்சாலை ஊடறுத்திருக்க வேண்டிய பிரூக்லாந்தில் இன்று வீடுகளும் ஒரு ரயில் நிலையமும் உள்ளன.

நகரத்தின் உள்ளே இருந்தவர்கள் தப்பினர். சுற்றுப்பாட்டையின் வழியில் இருந்தவர்கள் தப்பவில்லை. காபின் ஜான் என்னும் ஊரில், அடிமைத்தளையினின்று விடுதலைபெற்ற மக்களும் அவர்தம் மக்களும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிப்ஸன் குரோவ் என்ற ஆலயத்தையும், அதனருகே மோசேயின் பெயரால் ஒரு மண்டபத்தையும், கல்லறைத் தோட்டத்தையும் அமைத்திருந்தனர். நோயுற்றாரைப் பேணுதலும் இறந்தாரை அடக்கஞ் செய்தலும் அம்மண்டபத்துச் சங்கத்தாரின் தொண்டு. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த சுற்றுப்பாட்டை, ஆலயத்தை ஒருபுறமும் கல்லறைகளை ஒருபுறமும் ஆக்கி நடுவே புகுந்தது. ஆராதனை முடித்து முன்னோர் அடங்கிய இடத்திற்கு நடந்து செல்லும் வழி அற்றுப்போயிற்று. சுங்கத் தடத் திட்டம் வந்தபோது, அரை நூற்றாண்டுக்குப்பின் அக்கல்லறைகளின் விளிம்புக்கே சாலை மீண்டும் வந்து நின்றது. வழித்தோன்றல்களும் பிறரும் முறையிட்டனர். தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளை 2021ஆம் ஆண்டில் அழிவை எதிர்நோக்கும் பதினொரு தலங்களின் பட்டியலில் இதனைச் சேர்த்தது. அதன்பின்னரே கல்லறைகளைத் தொடாதபடி வரைபடம் திருத்தப்பட்டது. அகலப்படுத்துதல் என்பது காகிதத்தில் இரண்டு கோடுகள். நிலத்திலோ அக்கோடுகளின் கீழ் யாரோ கிடக்கின்றனர்.

யாருக்கு நன்மை என்பதையும் கருதுக. இதே கவர்னர் 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பால்டிமோர் நகரில் கிழக்கு மேற்காக 14 மைல் ஓடவிருந்த சிவப்பு வழி ரயில் திட்டத்தைக் கைவிட்டார். அதற்கென மத்திய அரசாங்கம் அளிக்கவிருந்த சுமார் 90 கோடி டாலரும் கைநழுவிற்று. மோட்டார் இல்லாத குடும்பங்கள் மிகுந்த வட்டாரங்களுக்கே அவ்வழி பெரிதும் உதவியிருக்கும். இரண்டாண்டுகள் கழித்து அவர் கொணர்ந்தது, பணம் படைத்தவன் விரைந்து செல்லும் தடம். வர்ஜீனியாவில் 66ஆம் எண் சாலையில், நகரத்துக்கு அண்மையான பகுதியில், 2017ஆம் ஆண்டு டிசம்பரில் மாறுங்கட்டணம் தொடங்கிய முதல் நாளிலேயே பத்து மைல் அளவான வழிக்குச் சுங்கம் 34 டாலர் 50 சென்ட் வரை ஏறிற்று. நாட்கூலியாளன் அதனைச் செலுத்துவானோ?

ஆயினும் அந்த 66ஆம் எண் சாலையைப்பற்றி இன்னொன்று சொல்லாவிடின் நடுநிலை பிறழும். அங்கே தனிக் கம்பெனி இல்லை. சுங்கப் பொருள் பஸ்களுக்கும் அவைபோன்ற பொதுவசதிகளுக்கும் செல்கின்றது. எனவே சாலைக்கு விலை வைத்தலையே யான் பழிக்கின்றேன் என்று யாரும் கொள்ளற்க. ஸ்டாக்ஹோமில் 2006ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஜூலை வரை நகருக்குள் நுழையும் மோட்டார்களுக்குக் கட்டணம் விதித்துப் பார்த்தனர். அதற்கு முன்னரே புதிய பஸ்களை ஓடவிட்டனர். எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. மக்கள் வாக்களித்தபின் 2007ஆம் ஆண்டில் அது நிலையாயிற்று. லண்டன் 2003ஆம் ஆண்டிலும் நியூயார்க் 2025ஆம் ஆண்டு ஜனவரியிலும் இதனை மேற்கொண்டன. வருவாய் போக்குவரத்துக்கே உரியது. இம்மூன்றிடத்தும் இருந்த சாலைக்கே விலை வைத்தனர், சாலையை அகலப்படுத்தவில்லை, பொருள் அரசின் கைக்கே வந்தது. உல்குபொருளை வேந்தன்பொருள் என்ற வகுப்பு இங்கே பொருந்துகின்றது. மேரிலாந்துத் திட்டத்தில் அது பொருந்தவில்லை.

பொதுவண்டிக் கட்சியார்க்கும் குறைகள் உள. மேரிலாந்தில் பெதெஸ்டா முதல் நியூ கரால்டன் வரை 16 மைலுக்குச் சற்று மேற்பட்ட ஊதா வழி ரயிலை 2017ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கினர். 21 நிலையங்கள் கொண்ட அவ்வழி 2022இல் ஓடியிருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டில் கட்டுநர் வேலையை விட்டு நீங்கினர். வழக்கைத் தீர்க்க அரசாங்கம் 25 கோடி டாலர் கொடுத்தது. தொடக்கநாள் 2027ஆம் ஆண்டின் இறுதிக்குத் தள்ளப்பட்டது. இதனை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அதுவும் தனியாரோடு செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தமே என்பதைக் கவனித்தல் வேண்டும்.

ரயில் கட்ட ஆண்டுகள் செல்லும். அதுவரை என் செய்வது என்பார்க்கு, ஆண்டுகள் வேண்டாத வழிகளும் உள்ளன. 270ஆம் எண் சாலையை ஒட்டிய வட்டாரத்திற்கு மார்க் என்னும் ரயில் பிரன்ஸ்விக் வழியாக முன்னரே இருக்கின்றது. ஆனால் தண்டவாளம் சரக்கு ரயில் கம்பெனியுடையது. ஆகவே வார நாட்களிற் காலையில் நகரை நோக்கியும் மாலையில் நகரினின்றும் மாத்திரமே ஓடிவந்தது. ஒரு மூன்றாந் தண்டவாளம் சிலவிடங்களில் இட்டால் நாள்முழுதும் இருதிசையும் ஓடும். மாண்ட்கோமரி கவுண்டியார் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் 29ஆம் எண் சாலையில் விரைவுப் பஸ்களைத் தொடங்கினர். சிலவிடங்களில் அவை சாலையின் ஓரவிளிம்பிலேயே நெருக்கத்தைக் கடந்து செல்கின்றன. இவற்றை முதலில் செய்து பார்த்த பின்னரன்றோ ஐம்பது ஆண்டுக்குக் கையெழுத்திட வேண்டும்?

முடிவில் 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மேரிலாந்துத் திட்டத்திற்கு முன்வந்த ட்ரான்ஸர்பன் என்னும் ஆஸ்திரேலியக் கம்பெனி தானாகவே விலகிற்று. புதிய கவர்னர் வெஸ் மோர் அவ்வாண்டே பால்டிமோரின் சிவப்பு வழியை மீண்டும் எடுத்துக்கொண்டார். வழக்கு இதனோடு தீர்ந்ததென்று எண்ணிய பலர், தெற்கே நோக்க மறந்தனர்.

வுட்ரோ வில்ஸன் பாலத்தின் பழைய கட்டடத்திற்கு மாறாக 2006ஆம் ஆண்டிலும் 2008ஆம் ஆண்டிலும் புதிய பாலங்கள் இரண்டு திறக்கப்பட்டன. வருங்காலத்தில் ரயில் செல்வதற்கென்றே அவற்றின் தூண்களுக்கு வலிமையும், மேலே இடமும் ஒதுக்கிக் கட்டினர். இருபது ஆண்டு அவ்விடம் ரயிலுக்காகக் காத்திருந்தது. 2022ஆம் ஆண்டில் வர்ஜீனியா அரசாங்கம் ஸ்பிரிங்பீல்டிலிருந்து அப்பாலத்தின் வழியே மேரிலாந்துக்குள் பதினொரு மைல் சுங்கத் தடங்களை அமைப்பதுபற்றி ஆராயத் தொடங்கிற்று. ரயிலுக்கென ஒதுக்கிய அவ்விடத்தின்மேலேதான் அத்தடங்களின் கோடு விழுகின்றது.